நூலும் நகையும்



பேராதனையிலிருந்து கம்பளை நோக்கிச் செல்லும் பெருவீதியில், மகாவலி கங்கைக்கு அண்மையில் அமைந்த சிற்றூர் கெலிஓயா. சிறியதொரு புகையிரத நிலையம், நெருக்கமான கடைவீதி, சிங்களரும் முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் மனைகள், சூழவுள்ள குன்றுகளில் தேயிலை, எட்டிப்பிடிக்கும் தொலைவில் பேராதனைப் பல்கலைக்கழகம் என இவையே அவ்வூரின் தோற்றம். இத்தகைய ஊரில் வாழும் ஒருவர் தமிழில் கதையோ கவிதையோ எழுதி நூலாக்க விரும்பினால், அவரே எழுத்தாளர், அவரே பதிப்பாளர், அவரே விற்பனையாளர். எழுதியவரைத் தேடிவந்து நூலை வெளியிடும் பதிப்பகங்கள் நம் நாட்டில் மிகச் சிலவே.

இந்நிலை புதியதன்று. கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882ஆம் ஆண்டில் 'முஸ்லிம் நேசன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கியதும், 1885இல் 'அசன்பேயுடைய சரித்திரம்' என்னும் நாவலை வெளிக்கொணர்ந்ததும் தனிமனித முயற்சியின் பயன்களே. அன்றுதொட்டு இன்றுவரை மலைநாட்டுத் தமிழ் நூல்களிற் பலவும் எழுதியவரின் கைப்பொருளினாலேயே அச்சேறி வந்துள்ளன. அக்கைப்பொருள் எங்கிருந்து வருகின்றது? சேமிப்பிலிருந்து ஒரு பங்கு, நண்பரிடம் கைமாற்றாக ஒரு பங்கு, எஞ்சியது இல்லத்தரசியின் நகையை அடகுவைத்துப் பெற்றது. தமிழிலே 'நகை' என்னும் சொல்லுக்கு அணிகலன் என்பதும் பொருள். சிரிப்பு என்பதும் பொருள். முதலாவது நகையை அடகுவைத்து அச்சிட்ட நூலை இரண்டாவது நகையின் துணைகொண்டு மக்களிடம் சேர்ப்பிக்க இயலுமா என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

வெளியீட்டு விழாவின் காட்சியை நேயர்கள் பலரும் அறிவர். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயவுரை என உரைகள் வரிசையாக நிகழும். ஊரின் வர்த்தகப் பிரமுகர் ஒருவர் முதற்பிரதியைப் பெற்றுக்கொள்வார். அடுத்து, சிறப்புப் பிரதி பெறுவோரின் பெயர்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்படும். அழைக்கப்பட்டவர் மேடையேறி, உறையிலிட்ட பணத்தைக் கொடுத்து, நூலைப் பெற்று, புகைப்படத்துக்கு நின்று, இறங்கிச் செல்வார். நூலாசிரியர் ஏற்புரை நிகழ்த்த எழும்போது மண்டபத்தில் அரைவாசி நாற்காலிகள் வெறுமையாக இருக்கும்.

இவ்வழக்கத்தைக் குறைகூறுவதற்கில்லை. அச்சகக் கடனின் ஒரு பகுதியையேனும் அடைக்க உதவுவது அதுவே. எனினும், அங்கு விற்பனையாகும் நூல் தாட்சணியத்தின் பேரில் விற்பனையாகும் நூல் என்பதை மறுத்தல் இயலாது. தாட்சணியத்துக்காக வாங்கிய நூல் அலுமாரியிற் புகும், கண்ணிற் படாது. அச்சிட்ட ஐந்நூறு பிரதிகளில் நூறு இவ்வாறு போக, மீதி நானூறும் ஆசிரியரின் கட்டிலின் கீழ்க் குடியிருக்கும். மழைக்காலத்து ஈரமும் கறையானும் அவற்றின் முதல் வாசகர்களாகிவிடும்.

வாங்குபவரைக் கடமையுணர்ச்சியினின்று விடுவித்து ஆவலுக்கு இட்டுச்செல்லும் வழி யாது? இவ்விடத்தில் நகைச்சுவையின் பயன் தெளிவாகின்றது. இரந்து நிற்பவரைக் கண்டால் மனிதர் கையிலிருப்பதைக் கொடுத்துவிட்டு விலகுவர். சிரிக்க வைப்பவரைக் கண்டாலோ அவர் மேலும் என்ன சொல்வார் என்று நிற்பர். அவ்வாறு நிற்கும் கணத்திலேதான் நூல் திறக்கப்படுகின்றது.

எத்தகைய நகைப்பு இப்பணிக்கு உகந்தது என்பதை நம் முன்னோரிடமே கேட்டறியலாம். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்து நகையை முதலில் வைத்தார். அந்நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினின்றும் பிறக்கும் என்றும் வகுத்தார். எள்ளல் என்பது இகழ்ந்து சிரித்தல். நூல் விற்கப் புறப்பட்டவர் பிறரை எள்ளுவாராயின் ஒரு வாசகரைப் பெற்றுப் பத்து வாசகரை இழப்பார். இளமையும் பேதைமையும் மடனும் அவ்வாறல்ல. தம் அறியாமையையும் தமக்கு நேர்ந்த ஏமாற்றத்தையும் தாமே எடுத்துக்காட்டி நகைக்கும் ஆசிரியரை எவரும் வெறுப்பதில்லை. எனவே, எள்ளலை ஆள்வதாயின் அதன் இலக்குத் தாமாகவே இருத்தல் வேண்டும். பிறராயின் அது நகையன்று, பகை.

உலகறிந்த சான்று ஒன்றை இங்கு நோக்கலாம். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ருவெயின் 1866ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரிலே ஹவாயித் தீவுகளைப் பற்றி ஒரு கட்டணச் சொற்பொழிவு நிகழ்த்தினார். அப்போது அவருக்கு வயது முப்பது. மண்டபமும் கடன், விளம்பரமும் கடன் என்று அவரே பின்னர் எழுதியிருக்கிறார். அவர் அச்சிட்ட விளம்பரமோ வேடிக்கையானது. சிறந்ததொரு வாத்தியக் குழு நகரில் உள்ளது, ஆயின் அது அமர்த்தப்படவில்லை என்றது. வாணவேடிக்கைக்கு எண்ணம் இருந்தது, அது கைவிடப்பட்டது என்றது. கொடிய விலங்குகளின் காட்சி ஒன்று உண்டு, ஆயின் அது அடுத்த தெருவில் என்றது. இறுதியாக, கதவுகள் ஏழு மணிக்குத் திறக்கும், தொல்லை எட்டு மணிக்குத் தொடங்கும் என்று முடித்தது. மண்டபம் நிரம்பியது.

இவ்விளம்பரத்தின் நுட்பம் யாது? இல்லாததை இருப்பதாக அது கூறவில்லை; இல்லாதவற்றையெல்லாம் வரிசையாக இல்லையென்றே ஒப்புக்கொண்டது. வழமையான விளம்பரங்களின் வீண் பெருமையைக் கண்டு சலித்த மக்கள், உண்மை பேசும் குறும்பை வரவேற்றனர். நகைச்சுவையின் உயிர் நேர்மையே என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

இதே எழுத்தாளர் பிற்காலத்தில் தமக்கென ஒரு பதிப்பகத்தையே நிறுவினார். 1885இல் அது வெளியிட்ட ஜெனரல் கிரான்ரின் நினைவுநூல் பெருவெற்றி பெற்றது. ஆயினும் பொருந்தா முதலீடுகளால் 1894இல் அப்பதிப்பகம் முறிந்து போயிற்று. கடனைத் தீர்ப்பதற்காக அறுபதை அண்மிய வயதில் உலகைச் சுற்றிச் சொற்பொழிவாற்றப் புறப்பட்டார். அப்பயணத்தின்போது 1896 சனவரியில் கொழும்புத் துறைமுகத்திலும் வந்திறங்கினார். இரண்டாண்டுகளில் கடன் முழுவதையும் தீர்த்தார். நகைச்சுவை அவருக்கு வாசகரைத் தேடித் தந்தது. கணக்குப் பார்க்கக் கற்றுத் தரவில்லை. கடனை அடைத்தது அவர்தம் நகைச்சுவையும் கால்நடையும் சேர்ந்தே.

இவ்விரண்டும் சேர வேண்டும் என்பதற்குத் தமிழிலும் சான்றுண்டு. 1920ஆம் ஆண்டு கடையத்தில் வாழ்ந்த சுப்பிரமணிய பாரதியார், தம் எழுத்துக்களை நாற்பது நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதிகளாக, நான்கு இலட்சம் பிரதிகள் அச்சிடத் திட்டமிட்டார். பொருளுதவி வேண்டி அவர் அனுப்பிய சுற்றுக்கடிதத்திலே, மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் விடச் சாதாரணமாகவும் விரைவாகவும் தம் நூல்கள் விலைபோகும் என்ற நம்பிக்கையைத் தெரிவித்தார். வாசிப்பவர் முறுவலிக்காதிருக்க இயலாத உவமை. நூல் என்பது பூசையறைப் பொருளன்று, அடுக்களைப் பொருள்போல் அன்றாடம் வேண்டப்படுவது என்னும் ஆழ்ந்த கருத்தும் அதில் உண்டு. ஆயின் திட்டம் நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு செப்ரெம்பரில் கவிஞர் மறைந்தார். சொல்வன்மையில் அவருக்கு என்ன குறை? தீப்பெட்டியை ஊர்தோறும் கொண்டுசென்ற கைகள் நூலுக்கு வாய்க்கவில்லை.

அக்கைகளாகத் தாமே அமைந்தவர்கள் நம் மலைநாட்டில் இருந்தனர். சில பக்கங்களில் அச்சிட்ட பாட்டுப் புத்தகங்களைத் தோளில் சுமந்து, சம்பள நாளன்று கடைவீதிகளிலும், புகையிரதப் பெட்டிகளிலும், திருவிழாக் கூட்டங்களிலும் பாடிப் பாடி விற்றவர்கள் அவர்கள். கங்காணியின் மிடுக்கையும், துரையின் அரைகுறைத் தமிழையும், கடைக்காரரின் தராசையும் கேலி செய்யும் அடிகள் வரும்போது கூட்டம் சிரிக்கும். சிரித்த கை சில்லறையை எடுக்கும். எழுத்தறியாத தொழிலாளியும் ஒரு பிரதி வாங்கி, எழுத்தறிந்த பிள்ளையைக் கொண்டு லயத்திலே படிக்கச் செய்வார். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவின் மலிவுப் பதிப்புக்களும் இவ்வாறே மக்களைச் சென்றடைந்தன.

யாழ்ப்பாணத்திலும் இருவர் இத்துறையிற் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் டொமினிக் ஜீவா. சிகையலங்கார நிலையம் நடத்தி வாழ்ந்த அவர் தம் தொழிலை ஒருபோதும் மறைத்தாரல்லர். 1966இல் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கி, அதனைக் கையிற் சுமந்து வீதி வீதியாகச் சென்று, எதிர்ப்பட்டவரிடம் நேருக்கு நேர் பேசி விற்றார். பிறர் இகழ நினைத்த தொழிலைத் தம் பெருமையாக அவரே முன்வைத்தபோது, இகழ வந்தவரிடம் ஆயுதம் எஞ்சவில்லை. 2012 வரை 'மல்லிகை' வெளிவந்தது. மற்றவர் 'சிரித்திரன்' ஆசிரியர் சிவஞானசுந்தரம். 1960களின் முற்பகுதியிற் கொழும்பிலே தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த அச்சஞ்சிகைக்கு ஆசிரியரும் ஓவியரும் வெளியீட்டாளரும் அவரே. சவாரித் தம்பரையும் மைனர் மச்சானையும் காண ஏட்டைப் புரட்டியோர், அதே ஏட்டிற் கனமான சிறுகதைகளையும் படித்தனர். சிரிப்பு வாயிலாக நின்றது. சிந்தனை வீட்டினுள் இருந்தது.

இனி, கெலிஓயாவில் இன்று நூல் வெளியிடும் ஒருவர் இவற்றை எவ்வாறு கைக்கொள்ளலாம் என்பதைக் காண்போம். அழைப்பிதழிலிருந்தே தொடங்கலாம். 'முதற்பதிப்பு விரைவில் தீர்ந்துவிடும் என ஆசிரியர் நம்புகிறார். கட்டிலின் கீழ் வேறு இடமில்லையாதலால் வீட்டார் அதனினும் உறுதியாக நம்புகின்றனர்' என்று ஒரு வரி இருப்பின், அவ்வழைப்பிதழ் குப்பைக்கூடைக்குச் செல்லுமுன் இன்னொருவருக்கு வாசித்துக் காட்டப்படும். சிறுகதைத் தொகுதியாயின், 'பேராதனையில் ஏறிக் கம்பளையில் இறங்குவோர் ஒரு கதையை முழுமையாகப் படிக்கலாம். கெலிஓயாவில் இறங்குவோர் சிறிய கதையாகத் தெரிவுசெய்து கொள்க' என்று பின்னட்டையில் அச்சிடலாம். 'நூல் பிடிக்காவிடின் பணம் திருப்பித் தரப்படும். ஆயின் படித்ததற்குச் சான்றாக மூன்று வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டும்' என்று மேடையில் அறிவிக்கலாம். ஏற்புரையை இறுதியில் வைக்காது முன்னே கொணர்ந்து, ஐந்து நிமிடத்தில் நூலின் நகைச்சுவைப் பகுதி ஒன்றைப் படித்துக் காட்டுவது நீண்ட நயவுரைகளினும் பயன்தரும்.

எனினும் எல்லைகளும் உள. மும்மதத்தவரும் மூவினத்தவரும் ஒரே தேநீர்க்கடையில் அமரும் ஊரிலே மதம், இனம், சாதி, உடற்குறை ஆகியவற்றைத் தொட்டு நகைத்தல் நஞ்சாகும். துயரமே பொருளான நூலுக்கு வேடிக்கை விளம்பரம் பொருந்தாது. மண்சரிவில் மாண்டோரைப் பற்றிய கவிதை நூலைச் சிரித்துக்கொண்டு விற்பது நூலுக்கும் இழுக்கு, இறந்தோருக்கும் இழுக்கு. அத்தகைய நூலிலும் ஆசிரியர் தம் அச்சுப் பாடுகளைப் பற்றி நகையாடலாம்; நூற்பொருளைப் பற்றியன்று. அன்றியும், விளம்பரத்திற் சிரிப்பை வைத்து நூலினுள் வெறுமையை வைப்பவர் ஒரு முறையே வெல்வார். வாசகர் ஏமாந்ததை எளிதில் மறப்பதில்லை.

நேயர்களே, ஒரு சிற்றூரின் நூல் விற்பனையாகாது போவதால் நேரும் இழப்பு பணத்தோடு முடிவதன்று. முதல் நூல் கட்டிலின் கீழ்க் கிடப்பின், இரண்டாவது நூல் எழுதப்படுவதேயில்லை. அவ்வூரின் பேச்சும், அதன் லயங்களின் கதைகளும், அதன் கடைவீதி மனிதரும் எழுத்திற் பதியாமலே மறைந்து போவர். ஆதலின், அடுத்த முறை ஓர் எழுத்தாளர் புகையிரதத்திலோ பாடசாலை வாயிலிலோ கைப்பையுடன் எதிர்ப்பட்டு வேடிக்கையாக ஏதேனும் கூறுவாராயின், சிரித்துவிட்டு அப்பாற் செல்லாதிருப்போமாக. சிரித்தபின் நூலை வாங்கி, முதற் பக்கத்தைத் திறந்து பார்ப்போமாக. அடகுக்குப் போன நகை வீடு திரும்புவதற்கு அதுவே வழி.