கட்டுநாயக்காவிலிருந்து எவ்வளவு தூரம்?



தொண்ணூறுகளில் நாங்கள் அறிந்த தூரம் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடைப்பட்டது. சுமார் 10 கிலோமீற்றர்தான். ஆனால் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்தால் எப்போது வீடு சேர்வோம் என்று சொல்ல முடியாது.

இன்று எங்களில் பலர் கடல் கடந்து வாழ்கிறோம். கட்டுநாயக்காவிலிருந்து லண்டன் சுமார் 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் ஏறக்குறைய 11 மணித்தியாலம். ரொறன்ரோ சுமார் 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் இல்லை. இடையில் காத்திருந்து மாறிப் போய்ச்சேர ஏறக்குறைய ஒரு நாள்.

"அம்மாவுக்குக் கடும் வருத்தம்" என்று நடுச்சாமத்தில் அழைப்பு வந்தால், முதலில் இந்தக் கணக்கைத்தான் போடுகிறோம். எங்களுள் சிலர் செத்தவீட்டுக்கும் வந்து சேரவில்லை. இங்கிருந்த தோழிகளே பிள்ளைகளாக நின்றார்கள்.

மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போகும் அம்மாமாருக்கு, வைத்தியர்களான நாங்கள் சொல்வது இது: நீண்ட நேரம் அசையாது இருந்தால் கால் நாளத்தில் இரத்தம் உறையக்கூடும். இடையிடையே எழுந்து நடவுங்கள், கணுக்காலை அசையுங்கள், தண்ணீர் குடியுங்கள். மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள்.

நூற்றாண்டு நினைவாக ஒன்று செய்வோம். கொழும்பில் தனியே வாழும் ஒவ்வொரு தாயிடமும் அருகிலுள்ள ஒரு பழைய மாணவியின் தொலைபேசி இலக்கம் இருக்கட்டும். 14,000 கிலோமீற்றரைக் குறைக்க எங்களால் இயலாது. இரண்டு ஒழுங்கை தாண்டிப்போய்க் கதவைத் தட்ட இயலும்.