மேடை நடுக்கமும் மோகன வர்ணமும்



இசை மாணவியாக இருந்த நாளில் மேடை அச்சத்தோடு நான் பட்ட பாட்டைச் சொல்லப் பணித்திருக்கிறீர்கள். சிலப்பதிகாரத்து மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள். அரங்கின் அளவைக்கூட வகுத்துரைத்த இளங்கோவடிகள், அன்று அவள் கை நடுங்கியதா என்று மட்டும் சொல்லவில்லை.

என் கை நடுங்கியது. பத்தொன்பதாம் வயதில் ஒரு கோயில் விழாவில் முதற்கச்சேரி. கேட்போர் வியக்க வேண்டும் என்னும் ஆசையால் வர்ணத்தை விடுத்து, எடுத்த எடுப்பிலேயே தோடி ஆலாபனையில் இறங்கினேன். நா வறண்டது, மூச்சு மார்பளவிலேயே நின்றது, மேல் சட்ஜத்தில் குரல் பிசிறியது. அடுத்த கீர்த்தனத்திலோ சரணத்தின் முதற்சொல்லே மறந்துபோயிற்று. வயலின் வாசித்த பெரியவர் அவ்வடியை வாசித்துக் காட்டி என்னைக் கரைசேர்த்தார்.

என் ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் முதல் மாடிப்படிகளை விரைந்து ஏறியிறங்கி, நெஞ்சு படபடக்கும்போதே தம்பூரா முன் அமர்ந்து மோகன வர்ணம் பாடவேண்டும் என்றார். அச்சத்தில் அட்ரினலின் சுரந்து உடலைச் செய்வதும் ஏறக்குறைய இதுவே. பதற்றத்தில் காலப்பிரமாணம் ஓடும் ஆதலால் சற்றுத் தாழ்த்தியே எடுக்கச் சொல்வார். கீர்த்தனத்தைச் சரணத்தின் நடுவிலிருந்து தொடங்கச் சொல்வார். தொடக்கத்திலிருந்து மட்டுமே பாடத் தெரிந்தவர்க்கு இடையில் அறுந்தால் பற்றிக்கொள்ளக் கொம்பில்லை. அண்டை வீட்டாரை அழைத்து எதிரே அமர்த்துவார். அதுதான் எனக்குக் கொடிதாக இருந்தது!

வர்ணத்தை ஏன் வலியுறுத்தினார் என்பது பின்னரே விளங்கிற்று. அந்த மோகன வர்ணத்தை இயற்றிய இராமநாதபுரம் சீனிவாச ஐயங்காரின் மாணவரே அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967); வர்ணத்தில் தொடங்கும் கச்சேரி முறைக்கு வடிவம் தந்தவர். வர்ணத்தில் அவ்விடத்திலேயே கற்பனை செய்யவேண்டியது ஒன்றுமில்லை. யாவும் முன்பே அமைந்தவை. மனம் கலங்கினாலும், நூறுமுறை பாடிய தொண்டை தானே வழிநடக்கும். அதற்குள் மூச்சும் அடிவயிற்றுக்கு இறங்கிவிடும்.

துடிப்பைத் தணிக்கும் புரொப்ரனோலால் மாத்திரையை நாடும் கலைஞரும் உளர். ஆஸ்துமா உடையார்க்கு அது தீங்கு. மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது.

நடுக்கம் அறவே நீங்கியதா என்பீர்கள். செல்லோ மேதை பாப்லோ கசல்ஸ் (1876–1973) வாழ்நாள் முழுதும் அது தம்மை விடவில்லை என்று ஒப்புக்கொண்டவர், நான் எம்மாத்திரம்? இப்போதும் விரல்கள் குளிர்ந்தே இருக்கின்றன. தம்பூராவுக்குச் சுருதி கூட்டியாயிற்று. மோகன வர்ணத்தை எடுக்கிறேன்.