பிக்கப் வண்டியின் ஸ்பார்க் பிளக்கை நாமே பார்த்து மாற்றலாம்

பொழுது விடியுமுன்பே வேலையைத் தொடங்கிவிடும் வண்டிகள் பிடோக் வட்டாரத்தில் பல உண்டு. ஒன்று பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றி வரும். ஒன்று தேக்காவிலிருந்து பூவும் வாழையிலையும் கொண்டு வரும். மற்றொன்று ஏணியையும் பெயின்ட் டப்பாக்களையும் சுமந்துகொண்டு வேலைத்தளத்துக்குப் போகும். இத்தகைய வண்டி ஒரு நாள் காலையில் கிளம்ப மறுத்தால் என்ன ஆகும்? காய்கறி வாடும், வாடிக்கையாளர் வேறு கடையை நாடுவார், அன்றைய கூலி போகும். இதற்கெல்லாம் காரணம், பல வேளைகளில் சுண்டுவிரல் நீளமே உள்ள ஒரு சிறு பொருளாக இருக்கும். அதுதான் ஸ்பார்க் பிளக். பொறிச்செருகி என்றும் சொல்லலாம். பட்டறையில் வெறுமனே பிளக் என்பார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

முதலில், இந்தப் பிளக் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து அழுத்தப்படுகின்றன. அந்தக் கலவைக்குச் சரியான நொடியில் தீ மூட்டுவது பிளக்கின் வேலை. பேட்டரி தருவது 12 வோல்ட்தான். இக்னிஷன் காயில் அதனை 20,000 வோல்ட்டுக்கு மேலாகவும் உயர்த்துகிறது. அந்த மின்சாரம் பிளக்கின் நுனியிலுள்ள சிறு இடைவெளியைத் தாண்டும்போது பொறி பறக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 முறை பொறி விடவேண்டும். ஒரு மணி நேரத்தில் 90,000 முறை! இவ்வளவு உழைக்கும் ஒரு பொருள் தேய்வதில் வியப்பென்ன?

மோட்டார் வண்டி பிறந்த காலத்திலேயே தீ மூட்டுவது பெரும் சிக்கலாக இருந்தது. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் அம்மையார் தம் இரு மகன்களுடன் ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து போர்ஸ்ஹைம் வரை, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர், கணவர் செய்த வண்டியை ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பொறிக்கு மின்சாரம் செல்லும் கம்பியின் உறை தேய்ந்தது; காலுறைப் பட்டையைச் சுற்றி அதைக் காத்தார் என்பது வரலாறு. பின்னர் 1902இல் போஷ் நிறுவனத்தின் பொறியாளர் கொட்லோப் ஹோனல்ட், உயர் அழுத்த மின்சாரமும் பிளக்கும் சேர்ந்து இயங்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். நம் வண்டியில் இருப்பது அந்த வழியில் வந்ததுதான்.

இனி வேலைக்கு வருவோம். பானெட்டைத் திறக்குமுன் கேட்கவேண்டிய முதல் கேள்வி ஒன்று உண்டு. உங்கள் வண்டி பெட்ரோலா, டீசலா? சிங்கப்பூரில் ஓடும் பெரிய பிக்கப் வண்டிகளில் டீசல் வண்டிகள் மிகுதி. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மிகுந்த அழுத்தத்துக்கு உட்படுத்தினால் அதுவே கொதிப்பேறிவிடும். அதில் டீசலைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். அங்கே குளோ பிளக் என்று ஒன்று இருக்கலாம். அது கிளப்பும்போது சூடேற்ற உதவுவது. இன்றைய பேச்சில் சேராது. மின்சார வண்டியிலோ இரண்டுமே இல்லை. ஆகவே நாம் சொல்லப்போவது பெட்ரோலில் ஓடும் சிறு பிக்கப்புகளுக்கும் வேன்களுக்கும் மட்டுமே பொருந்தும்.

பிளக் களைத்துவிட்டது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. காலையில் நெடுநேரம் சாவியைத் திருப்பினால்தான் எஞ்சின் கிளம்பும். விளக்குச் சந்திப்பில் நிற்கும்போது வண்டி உதறும். மேம்பாலம் ஏறுகையில் இழுவை குறையும். பெட்ரோல் வழக்கத்தைவிட அதிகம் தீரும். இவற்றை அசட்டை செய்வது நல்லதன்று. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே சென்று, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும். அதன் விலையோடு ஒப்பிட்டால் பிளக்கின் விலை மிகச் சிறிது.

எங்கே வைத்துச் செய்வது? ஓப்பரா எஸ்டேட், ஃபிராங்கல் எஸ்டேட் போன்ற இடங்களில் தரை வீடும் முன்வாசலும் உடையவர்களுக்குச் சிரமமில்லை. பிடோக்கில் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறோம். நம் வீட்டின் கீழுள்ள நிறுத்துமிடம் வண்டி நிறுத்துவதற்கு. பட்டறை வேலைக்கு அன்று. அங்குள்ள அறிவிப்பைப் படித்து நடப்பதே முறை. தரை வீட்டில் இருக்கும் உறவினர் வாசலைக் கேட்கலாம். அதுவும் இயலாவிட்டால் காக்கி புக்கிட் பக்கம் பட்டறைகளுக்குக் குறைவில்லை. வேறு ஒருவர் கையால் வேலை நடந்தாலும், என்ன நடக்கிறது என்று தெரிந்து நிற்பதில் நமக்கு ஆதாயமே.

தேவையான கருவிகள் சில. பிளக் சாக்கெட் ஒன்று: வண்டியைப் பொறுத்து 16 மில்லிமீட்டரோ 21 மில்லிமீட்டரோ இருக்கும். உள்ளே ரப்பர் பிடி இருப்பது நல்லது. ஒரு ராட்செட், நீட்டுக் கம்பி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், தூரிகை, சுத்தமான துணி ஆகியவை வேண்டும். முறுக்கு விசை காட்டும் டார்க் ஸ்பேனர் இருந்தால் மிக நன்று.

முதல் விதி: எஞ்சின் நன்றாக ஆறியிருக்கவேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவது சிறப்பு. இக்கால எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. சூட்டில் பிளக்கைத் திருகினால் அலுமினியத்தின் மரை பிய்ந்து வந்துவிடக்கூடும். சில சிறு பிக்கப்புகளில் எஞ்சின் ஓட்டுநர் இருக்கையின் கீழே இருக்கும். அங்கு இருக்கையைத் தூக்கினால்தான் பிளக் தென்படும்.

இரண்டாவது விதி: ஒரு நேரத்தில் ஒரு பிளக்கை மட்டும் கழற்றவேண்டும். நான்கு கம்பிகளையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டால் எது எங்கே போகவேண்டும் என்ற குழப்பம் வரும். கம்பி மாறினால் பொறி தவறான நேரத்தில் பறக்கும், வண்டி கிளம்பாது. கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள்; முனையிலுள்ள ரப்பர் தொப்பியைப் பிடித்து லேசாகத் திருப்பி இழுங்கள். புதிய வண்டிகளில் ஒவ்வொரு பிளக்கின் மேலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். அதன் மின் இணைப்பைப் பூட்டு விடுவித்துக் கழற்றி, திருகாணியை எடுத்தபின் காயிலை நேராக உயர்த்தவேண்டும்.

மூன்றாவது விதி: பிளக்கைத் திருகுமுன் அதன் குழியிலுள்ள மண்ணையும் தூசியையும் தூரிகையால் அகற்றுங்கள், அல்லது காற்றடித்து வெளியேற்றுங்கள். ஒரு மணல் துகள் சிலிண்டருக்குள் விழுந்தால் அது உள்ளே கீறிக்கொண்டே இருக்கும்.

பிளக் கைக்கு வந்துவிட்டது. அதைத் தூக்கி எறியாமல் அதன் முகத்தைப் பாருங்கள். நாடி பிடித்து நோயறியும் வைத்தியரைப் போல, பிளக்கின் நுனியைப் பார்த்து எஞ்சினின் நிலையை அறியலாம். கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படியே ஒரு துணியில் அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சிலிண்டரில் கோளாறு என்று அப்போதுதான் தெரியும்.

நுனி இளம்பழுப்பு நிறமாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ இருந்தால் எஞ்சின் நலம். காய்ந்த கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போகிறது என்று பொருள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். நம் ஊரில் இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பிடோக்கிலிருந்து கிளம்பி நாலு தெரு தள்ளி நிற்பது, மறுபடி கிளம்புவது, மறுபடி நிற்பது என்று குறுகிய ஓட்டமாகவே ஓடினால் பிளக் சூடேறுவதில்லை. நுனி ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். சாமான் இறக்கும் வரை எஞ்சினை வீணே ஓடவிடுவதும் கரி சேர்க்கும். சிங்கப்பூரில் அது சட்டப்படி குற்றமும் ஆகும்.

நுனி எண்ணெய்ப் பசையோடு நனைந்து கறுத்திருந்தால் கவனியுங்கள். பிஸ்டன் வளையமோ வால்வு சீலோ தேய்ந்து, எஞ்சின் எண்ணெய் உள்ளே வருகிறது. புதுப் பிளக் போட்டாலும் சில நாளில் அதே நிலைதான். இது பட்டறைக்குப் போகவேண்டிய நோய். நுனி வெளுத்து, கொப்புளம் கண்டிருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது. அல்லது பொருந்தாத பிளக் போடப்பட்டிருக்கிறது. பீங்கானில் விரிசல் கண்டால் மறுபேச்சில்லை, மாற்றவேண்டியதுதான்.

புதிய பிளக் வாங்கும்போது கண் அளவை நம்பலாகாது. வண்டிக் கையேட்டில் உள்ள எண்ணைக் கடையில் சொல்லி வாங்குங்கள். எடுத்துக்காட்டாக, என்.ஜி.கே. நிறுவனத்தின் பிபிஆர்6இஎஸ் என்னும் பிளக்கில், முதல் எழுத்து 14 மில்லிமீட்டர் மரையைக் குறிக்கும். 6 என்பது வெப்பத்தை வெளியேற்றும் திறன். இ என்பது மரையின் நீளம் 19 மில்லிமீட்டர் என்பதைக் காட்டும். நீளம் மாறினால் ஆபத்து. மிக நீண்டால் பிஸ்டன் வந்து மோதும். குறுகினால் மீதி மரையில் கரி அடைத்துக்கொள்ளும். ஆர் என்ற எழுத்து என்ன? உள்ளே ஒரு மின்தடை இருக்கிறது என்பதன் அடையாளம். அது இல்லாவிட்டால் வண்டியில் நீங்கள் கேட்கும் வானொலி கரகரக்கும்!

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் வெப்ப எண் கூடினால் பிளக் குளிர்ந்த வகை. போஷ் பிளக்குகளில் அதற்கு நேர்மாறு. ஆகவே ஒரு நிறுவனத்தின் எண்ணை வைத்து இன்னொரு நிறுவனத்தின் பிளக்கைக் கேட்காதீர்கள். ஒப்பீட்டு அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாதாரண நிக்கல் பிளக் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் வரை உழைக்கும். இரிடியம், பிளாட்டினம் பிளக்குகள் விலை கூடுதல். பெரும்பாலும் 80,000 முதல் 100,000 கிலோமீட்டர் வரை தாங்கும். எனினும் உங்கள் வண்டிக் கையேடு சொல்வதே முடிவு.

பொருத்துமுன் இடைவெளியை அளந்து பாருங்கள். பல வண்டிகளுக்கு அது 0.7 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்குரிய அளவு கையேட்டில் உண்டு. வேறுபாடு இருந்தால் வெளிப்புற வளைந்த முனையை மட்டும் மெல்ல வளைத்துச் சரிசெய்யலாம். நடு முனையைத் தொடாதீர்கள். இரிடியம் பிளக்கின் முனை ஊசிபோல் மெல்லியது. அதைக் கம்பித் தூரிகையால் தேய்க்கவும் கூடாது, நெம்பவும் கூடாது. கீழே விழுந்த பிளக்கையும் போடாதீர்கள். பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும்.

இப்போது பொருத்துவோம். கவனம் மிகவும் தேவைப்படும் இடம் இதுதான். முதலில் ராட்செட் வேண்டாம். சாக்கெட்டையும் நீட்டுக் கம்பியையும் விரல்களால் பிடித்து மெதுவாகத் திருகுங்கள். மரை சரியாகப் பிடித்தால் பிளக் வழுக்கிக்கொண்டு இறங்கும். முரண்டு பிடித்தால் மரை கோணலாக ஏறுகிறது என்று அறிந்து, திருப்பி எடுத்து மறுபடி தொடங்குங்கள். பலத்தைக் காட்டினால் சிலிண்டர் தலையின் மரை அழியும். பிறகு எஞ்சின் தலையையே கழற்றிப் பழுதுபார்க்க நேரிடலாம்.

விரலால் முழுதும் இறக்கியபின்தான் ஸ்பேனர். வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்கை அலுமினியத் தலையில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் விசையில் இறுக்குவது பொது அளவு. டார்க் ஸ்பேனர் இல்லையென்றால், புதுப் பிளக்கை விரலால் இறுக்கிய நிலையிலிருந்து அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை திருப்பினால் போதும். பழைய பிளக்கையே மீண்டும் போட்டால் வாஷர் முன்பே நசுங்கியிருக்கும். பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்றே போதுமானது. கடிகார முள் ஒரு மணி நேரத்தில் நகரும் அளவு என்று நினைவில் வைக்கலாம். வாஷரே இல்லாமல் கூம்பாக அமரும் பிளக்கும் உண்டு. அதற்கு இன்னும் குறைவு. மரையில் கிரீஸ் தடவும் பழக்கம் வேண்டாம். அது வழுக்கலை உண்டாக்கி, அளவுக்கு மேல் இறுகச் செய்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. எஞ்சினை ஓடவிட்டுப் பிளக் கம்பியைக் கையில் பிடித்து, பொறி வருகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். அதைச் செய்யாதீர்கள். உயர் அழுத்த மின்சாரம் தாக்கும். அருகில் பெட்ரோல் ஆவி இருந்தால் தீப்பற்றும். இக்கால மின்னணு உறுப்புகளும் கெடும்.

எல்லாவற்றையும் பூட்டியபின் எஞ்சினைக் கிளப்பிக் கேளுங்கள். சத்தம் சீராக இருந்தால் வேலை முடிந்தது. மாற்றிய தேதியையும் மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். புதுப் பிளக்கோடும் உதறல் நீடித்தால் கோளாறு வேறிடத்தில்; தயங்காமல் பட்டறைக்குச் செல்லுங்கள். பட்டறையில் மாற்றினாலும், கழற்றிய பழைய பிளக்குகளைக் கேட்டு வாங்கி வரிசையாகப் பாருங்கள். நான்கில் மூன்று பழுப்பாகவும் ஒன்று மட்டும் எண்ணெயில் நனைந்தும் இருந்தால், அந்தச் சிலிண்டரைப் பற்றி மெக்கானிக்கிடம் அங்கேயே கேட்டுவிடலாம். வண்டி நடுவழியில் நிற்கும்வரை காத்திருக்கவேண்டியதில்லை.