நிலமற்றோரை எண்ணியவர்: பொருளியலறிஞர் தர்மா குமார்



நெகிரி செம்பிலான் தோட்டங்களின் கதையை நாம் பெரும்பாலும் கப்பலிலிருந்தே தொடங்குகிறோம். நாகப்பட்டினத்தில் ஏறினர், பினாங்கில் இறங்கினர், சிரம்பான், ரந்தாவ், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரங்களில் காடழித்து ரப்பர் நட்டனர் என்கிறோம். ஏன் வந்தனர் என்று மாணவர் கேட்டால், வெள்ளையராட்சி உழவரை நிலமிழக்கச் செய்தது என்று ஒரே வரியில் விடை பகர்கிறோம். அவ்விடை முழுமையானதா என்று 1965ஆம் ஆண்டிலேயே வினவிய ஓர் அம்மையாரைப் பற்றியதே என் உரை.

அவர் பெயர் தர்மா குமார். 1928இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் கி. வேங்கடராமன், சாய வேதியியலில் புகழ்பெற்றவர்; புனே தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக விளங்கியவர். கேம்பிரிட்ஜில் பயின்ற தர்மா குமார், தில்லிப் பொருளியல் பள்ளியில் பேராசிரியராகப் பணியாற்றினார். இந்தியப் பொருளாதார, சமூக வரலாற்று ஆய்விதழ் ஒன்றை நெடுங்காலம் நடத்தினார். கேம்பிரிட்ஜ் இந்தியப் பொருளாதார வரலாற்றின் இரண்டாம் தொகுதியைப் பதிப்பித்தவரும் அவரே. 2001இல் மறைந்தார். வரலாற்று அறிஞர் நடுவே மதிக்கப்பட்ட அப்பெயர், அவர் யாருடைய முன்னோரைப் பற்றி எழுதினாரோ அவர்களின் மேடைகளில் அரிதாகவே ஒலிக்கிறது.

அவர் எடுத்துக்கொண்ட பொருள், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னை மாகாணத்தின் வேளாண் தொழிலாளர். நிலமற்ற கூலிகள் என்ற வகுப்பே ஆங்கிலேயர் ஆட்சியின் படைப்பு என்று 1952இல் சுரேந்திர பட்டேல் எழுதியிருந்தார். பலரும் அதனை ஏற்றிருந்தனர். தர்மா குமார் அதனை எண்களால் சோதிக்க முற்பட்டார்.

ஆனால், எண்கள் எங்கே? மாகாணத்தின் முதல் முறையான குடிக்கணக்கு 1871இல்தான் எடுக்கப்பட்டது. 1800ஆம் ஆண்டளவில் எத்தனை பேர் கூலிகள் என்பதற்குப் பட்டியல் இல்லை. எனவே அவர் வேறு வழி கண்டார். பறையர், பள்ளர், செறுமர் போன்று வேளாண் உழைப்போடு பரம்பரையாகப் பிணைக்கப்பட்ட சாதியினரின் தொகையைப் பிற்காலக் கணக்குகளிலிருந்து எடுத்தார். அடிமை முறை பற்றி மாவட்ட ஆட்சியர்கள் 1819ஆம் ஆண்டளவில் வருவாய் வாரியத்திற்கு அனுப்பிய அறிக்கைகளோடு அதனை ஒப்புநோக்கினார். நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மக்கள்தொகையில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காட்டினர் இத்தகைய நிலமற்ற உழைப்பாளர் என்பது அவர் கண்ட முடிவு.

இதன் பொருள் யாது? பண்ணையாள், படியாள், அடிமை என்ற பெயர்கள் கங்காணி ஊருக்குள் வருவதற்கு நெடுநாள் முன்பே வழங்கின. நிலத்தோடும் நிலமின்றியும் மனிதர் விற்கப்பட்டனர், ஒற்றி வைக்கப்பட்டனர். 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை நிலையை நீதிமன்றங்கள் ஏற்காதபடி செய்தது. கடன் என்னும் கயிறோ அறுபடவில்லை. நிலத்தை யார் வைத்துக்கொள்ளலாம் என்பதைச் சாதி முன்னரே தீர்மானித்திருந்தது.

இவ்வாதத்திற்கு மறுப்புகளும் உண்டு. ஒரு சாதியினர் அனைவரும் கூலிகள் அல்லர்; ஏனைய சாதிகளிலும் கூலிகள் இருந்தனர். சாதியைத் தொழிலுக்கு அளவுகோலாகக் கொள்வது எவ்வளவு பொருந்தும் என்ற வினா நியாயமானதே. வரிச்சுமையும் பஞ்சமும் உழவரை வாட்டவில்லை என்று இவ்வாய்வைக் கொண்டு முடிவுகட்டுவதும் தவறு. அயலாட்சியின் பொறுப்பு குறைந்துவிடாது. ஆயின் பொறுப்பு முழுவதும் அதனுடையதன்று என்பதே நாம் கொள்ள வேண்டியது.

அந்நூலில் கடல்கடந்த குடியேற்றமும் ஆராயப்படுகிறது. நம் தோட்டங்களுக்கு அது நேரே வந்து சேரும் இடம் இதுவே. திருச்சி, தஞ்சை, சேலம், ஆற்காடு மாவட்டங்களிலிருந்து பல சாதியினர் மலாயாவுக்கு வந்தனர். அவர்களுள் ஊரில் நிலமே அறியாத குடும்பங்கள் ஏராளம். சஞ்சிக்கூலி முறை 1910இல் முடிவுற்றது. கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938 வரை நீடித்தது. பண்ணையாருக்கு அஞ்சியவர்க்குத் தோட்டம் புதிய கட்டாகவும் அமைந்தது. பழைய கட்டிலிருந்து தப்பும் வழியாகவும் தோன்றியது. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லாத வரலாறு அரைகுறை வரலாறே.

கப்பலிலிருந்து மட்டும் கதையைத் தொடங்கினால் குற்றவாளி துரை ஒருவரே. ஊரிலிருந்து தொடங்கினாலோ, நம்முள் ஒருவர் மற்றவரை வைத்திருந்த இடமும் கண்ணுக்குத் தெரியும். சில தோட்டங்களில் சாதிக்கொரு லயம் எழுந்ததன் காரணமும் அப்போது விளங்கும். அதனைக் காண அஞ்சினால், திருமணப் பேச்சில் இன்றும் எழும் பழைய வினாவுக்கு நம் பிள்ளைகளிடம் நேர்மையான விடை கூற இயலாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடும்ப வரலாறு எழுதச் சொல்லும்போது, எந்தக் கப்பல் என்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்த ஊர், யாருடைய நிலத்தில் உழைத்தார்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள். பாட்டிமார் சிலர் மௌனம் காக்கலாம்; அவர்களை வற்புறுத்த வேண்டா. அம்மௌனமும் ஒரு சான்றே என்பதை மாணவர் அறிந்தால் போதும். எவரும் பெயர் எழுதி வைக்காத மக்களையும் பொறுமையாகத் தேடி எண்ணலாம் என்று தர்மா குமார் காட்டிச் சென்றார். அவ்வெண்களுக்குப் பெயரிடும் பணி நம்முடையது.