முதலில் கூரை!



சனிக்கிழமைதோறும் திருநள்ளாற்றுக்கு வரும் கூட்டம் நளதீர்த்தத்தில் மூழ்கி, சனி தொலைந்தது என்று ஊர் திரும்புகிறது. அதே வீதியில் கையேந்திக் கிடப்போரைப் பிடித்த சனி மட்டும் தொலைவதில்லை. அவருள் சிலர் குடிக்கு அடிமைப்பட்டோர். 'குடிகாரனுக்கு வீடு ஒரு கேடா?' என்று கேட்கின்றனர், மாடியில் உறங்குவோர். விடை கூறுவோம்.

1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. பிரெஞ்சுக் கொடியின் நிழலிலிருந்த காரைக்காலிலோ கடை திறந்தே கிடந்தது. 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சி அகன்றது, கடை அகலவில்லை. இன்றும் புதுவை அரசின் கருவூலத்தைத் தாங்கும் தூண்களுள் ஒன்று கலால் வருவாய். விற்பவனுக்கு உரிமம் தருவது அரசு. வரி கொள்வதும் அரசு. குடித்து விழுந்தவன் மட்டும் யாருக்கும் உரியனல்லனா?

'குடியை விடு, பிறகு இடம் தருகிறோம்' என்பது கேட்பதற்கு நல்ல வாதம். ஆனால், நெடுநாள் குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும், சித்தம் கலங்கும், உயிரே போவதும் உண்டு. படுக்கையும் மருத்துவரும் வேண்டிய அந்த வேளையில் நடைபாதையில் கிடந்து தவம் செய் என்பதா அறம்? மாத்திரையை வைக்க ஒரு மாடம் இல்லாதவன், கொசுவுக்கும் மழைக்கும் தப்பி உறங்க மீண்டும் புட்டியைத்தானே நாடுவான்!

பின்லாந்து 2008இல் இந்த வரிசையைத் தலைகீழாக்கிற்று. முதலில் வீடு, வாடகை ஒப்பந்தம், கையில் சாவி. சிகிச்சைப் பேச்செல்லாம் பிறகு. 1987இல் அங்கே வீடற்றோர் 18,000 பேர். 2023இல் 3,500க்கும் குறைவு. பனி நாட்டுக் கதை நமக்கெதற்கு என்பீர்களாயின், அண்டையிலுள்ள மஞ்சக்குடியைப் பாருங்கள். சென்னை டி.டி.கே. மருத்துவமனையினர் 1989இல் அங்கே குடிநோய் முகாம் தொடங்கினர். ஊரிலேயே படுக்கை, குடும்பமும் ஊராரும் துணை. வீடும் உறவும் உடையவனுக்கே இத்தனை தாங்கல் தேவையெனில், இரண்டும் அற்றவனுக்கு?

நகரில் லட்சம் பேருக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் காப்பக வசதி என, 2013இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் விதி வகுத்தது. 2011 கணக்குப்படி காரைக்கால் நகரின் மக்கள் 86,838. அந்த விகிதத்திலேயே 87 பேருக்கேனும் இடம் வேண்டும். கூடமாக அன்று, தாழிடக்கூடிய அறைகளாக வேண்டும். கலால் பணத்திலிருந்தே அதற்கு ஒரு பங்கு ஒதுக்குக எனக் கேட்போம். பிச்சையன்று அது, பாக்கி!

கிளைத் தோழர்கள் இவ்வாரம் பேருந்து நிலையத்திலும் கோயில் வீதிகளிலும் படுத்திருப்போரைக் கணக்கெடுங்கள். பெயரும் ஊரும் நோயும் முதலில் கேளுங்கள். குடிப்பதுண்டா என்பதைக் கடைசியில் கேளுங்கள்.