கரையில் நின்று இட்ட பெயர்கள்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் வந்த நீங்கள் எல்லோரும் விமானத்தில்தான் வந்தீர்கள். ஆனாலும் "கடல் கடந்து" என்றே சொல்கிறோம். அந்தக் கடலைப் பற்றித்தான் சில வார்த்தைகள் பேச வந்தேன்.

புவியியல் பாடத்தில் நாங்கள் இந்து சமுத்திரம் என்று படித்ததைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இந்தியப் பெருங்கடல் என்று படிக்கிறார்கள். சமுத்திரம் வடசொல், நீர் ஒன்றுசேரும் இடம் என்பது அதன் பொருள். எங்கள் நாட்டில் அந்தச் சொல் தரைக்கும் ஏறிவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பொலனறுவையில் கட்டிய குளம் பராக்கிரம சமுத்திரம். குளத்தைக் கடல் என்றது அரசனுடைய பெருமிதம்.

தமிழின் பழைய பெயர்கள் அப்படிப் பெருமை பேசுபவை அல்ல. கரையில் நின்றவர் கண்டதையும் கேட்டதையும் சொல்பவை. ஆழத்தை நினைத்தவர் ஆழி என்றார். பரப்பைப் பார்த்தவர் பரவை என்றார். இரைச்சலைக் கேட்டவருக்கு அது ஆர்கலி. அலை வந்து பொருந்துவதைப் பார்த்தவருக்குப் புணரி. முந்நீர் என்ற பெயருக்கு ஆற்று நீர், ஊற்று நீர், மழை நீர் மூன்றும் சேர்ந்தது என்று ஒரு விளக்கம். ஆக்கல், காத்தல், அழித்தல் ஆகிய மூன்று தன்மையும் உடையது என்று இன்னொன்று.

இவற்றில் பரவை எங்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆழமில்லாமல் விரிந்து கிடக்கும் யாழ்ப்பாணக் கடலைப் பரவைக்கடல் என்கிறோம். ஆழியோ நெடுங்காலம் நிகண்டுக்குள்ளும் செய்யுளுக்குள்ளும் இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கரையோரத்துச் சனங்கள் "கடல் வருது" என்று கத்திக்கொண்டுதான் ஓடினார்கள். அதற்குத் தனிப்பெயர் யாருக்கும் தெரியாது. பிறகு சுனாமி என்ற யப்பானியச் சொல் வந்தது. அதோடு ஆழிப்பேரலை என்ற சொல்லும் பத்திரிகைகளிலும் நினைவுத்தூண்களிலும் ஏறியது. ஒரு பழஞ்சொல் மீண்டும் வழக்குக்கு வந்ததே என்று மகிழ முடியாத வருகை அது.

உருவகங்களுக்கு வருவோம். கல்விக்கடல், கருணைக்கடல், மக்கள் கடல், துன்பக்கடல். மேடையில் பேச எழுபவர் எல்லோரையும் நாங்கள் கல்விக்கடல் ஆக்கிவிடுகிறோம். (என்னையும் சற்றுமுன் அப்படித்தான் அறிமுகப்படுத்தினார்கள், கடலில் கரைத்த பெருங்காயம் என்றிருந்தால் பொருத்தமாயிருக்கும்.) பிறவியை வள்ளுவர் கடலாகக் கண்டார். அங்கே கடல் வியப்பதற்குரியதல்ல, நீந்திக் கடக்க வேண்டியது. எங்கள் பேச்சுவழக்கும் வள்ளுவர் பக்கம்தான். அதில் கடல் என்ற சொல்லே வராது, கரைதான் வரும்.

"மூன்று குமருகள், கரை சேர்க்க வேணும்." இதைக் கேட்காத யாராவது இந்த மண்டபத்தில் இருக்கிறீர்களா? அந்த உருவகத்தைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். வாழ்க்கை கடல். தகப்பனோ தமையனோ ஓடக்காரன். பெண் ஓடத்தில் ஏற்றிய பொதி. கல்யாணம் கரை. பொதிக்குத் துடுப்பு வலிக்கத் தெரிய வேண்டியதில்லை. எத்தனையோ தமையன்மார் உண்மையாகவே கடல் கடந்து போய் உழைத்துச் சீதனம் அனுப்பினார்கள். அவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லை எனக்குப் பிடிப்பதில்லை.

இதற்கு வேர் மிகப் பழையது. பிரிவைப் பற்றிச் சொல்லும் இடத்தில், பெண்ணை உடன்கொண்டு கடலில் செல்லும் வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பியம். கடலுக்கு அங்கே வரும் பெயர் முந்நீர். வேறு பொருள் கொள்வோரும் உண்டு. பரவலாகச் சொல்லப்படுவது இதுதான். ஆண் பொருள் தேடிப் போவான், பெண் கரையில் காத்திருப்பாள். நெய்தல் திணைக்கு உரிய உணர்வே இரங்கல் அல்லவா?

ஆனால் எங்கள் காப்பியத்திலேயே கடல் கடந்த ஒருத்தி இருக்கிறாள். மணிமேகலையை மணிபல்லவத்துக்குக் கொண்டுவந்தது கப்பல் அல்ல, கடல் தெய்வம். அதுவும் உறக்கத்தில், வான்வழியாக! அந்த மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று கொள்வோர் பலர். திரும்பும்போது அவள் விழித்திருந்தாள், தானே வான்வழி சென்றாள், கையில் அமுதசுரபியும் இருந்தது. அவளை யாரும் கரை சேர்க்கவில்லை.

இந்த மண்டபத்தில் தம்பிமாரைப் படிப்பித்தவர்கள் இருக்கிறீர்கள். தாய் தகப்பனை வெளிநாட்டுக்குக் கூப்பிட்டு வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். யார் யாரைக் கரை சேர்த்தது என்று உங்கள் வீடுகளில் கேட்டுப் பாருங்கள்.

நாளை தீவுப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் தெரிவது பரவைக்கடல். குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவுக்குப் போகும்போது மணிமேகலையின் கதையைச் சொல்லலாம்.