அச்சம் தீர்க்கும் சட்டம்

(குருவிகுளம் ஊராட்சி ஒன்றியக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, கிணறு, பருத்தி விதை ஆகியவற்றைக் குறித்து நாம் இங்குப் பலமுறை பேசியுள்ளோம். இன்று, கூட்டங்களில் எவரும் வாய்திறவாத ஒன்றைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம். அது கருக்கலைப்பு.

ஒரு பருத்தி எடுப்புக் காலத்தில், மூன்று குழந்தைகளின் தாய் ஒருத்தி கரிசல் காட்டிலேயே மயங்கி விழுந்தாள். மருத்துவர் சீட்டின்றி வாங்கிய மாத்திரையை உட்கொண்டு, இரண்டு நாள் உதிரப்போக்கை மறைத்து வேலைக்கு வந்திருந்தாள். 108 ஊர்தி வந்தது, பிழைத்தாள். "முதலிலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே அம்மா?" என்றோம். "போலீஸ் கேஸாகும்னு சொன்னாங்கய்யா" என்றாள்.

இந்த அச்சம் பழையது. தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருவைக் கலைப்பது குற்றமென 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் விதித்தது. ஆகவே பெண்கள் எருக்கங்குச்சியையும் கைமருந்தையும் நாடி உயிரிழந்தனர். இதனை ஆராய 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் குழு அமைந்தது. அதன் பயனாக 1971இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் பிறந்தது. 1972 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 2021இல் விரிவாகத் திருத்தப்பட்டது.

இன்றைய சட்டப்படி, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகளிற் குறித்த பெண்களுக்கு இரு மருத்துவர் கருத்து வேண்டும். உடல்நலமோ மனநலமோ கடுமையாகக் கெடுமென்றாலும், வன்கொடுமையால் கருவுற்றாலும், 20 வாரத்திற்குள் கருத்தடை முறை பிழைத்துக் கருவுற்றது தெரிந்தாலும் சட்டம் இடந்தருகிறது. 18 வயது நிரம்பியவளுக்கு அவள் சம்மதமே போதும்; கணவர் கையொப்பம் கட்டாயமன்று. அவள் பெயரை வெளியிடும் மருத்துவருக்குத் தண்டனை உண்டு. ஆணா பெண்ணா என்று பார்த்துக் கலைப்பதோ முற்றிலும் வேறு. கருவின் பாலினம் கண்டறிவதையே 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

2015இல் நம் நாட்டில் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நிகழ்ந்தன என்றும், அவற்றுள் நூற்றுக்கு 73 மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்றும் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மாத்திரை நஞ்சன்று. 9 வாரத்திற்குள் மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் பெரிதும் பாதுகாப்பானதே. ஆயின் கரு குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதனைக் கலைக்காது. குழாய் வெடித்து உயிருக்கே கேடு வரும். இரத்தசோகை உள்ளவளை உதிரப்போக்கு விரைவில் வீழ்த்தும். கடைக்காரர் இவற்றைக் கண்டறிய இயலாது.

ஆகவே நண்பர்களே, அடுத்த கிராம சபையில் சுகாதாரச் செவிலியரை அழைத்துப் பெண்களிடம் தனியே பேசச் செய்யுங்கள். நாள் தள்ளியதும் ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடலாம் என வீட்டில் சொல்லுங்கள். மாத்திரை உண்டபின் மணிக்கு இரண்டு அணையாடை வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தால், ஊர் என்ன சொல்லும் என எண்ணாது 108ஐ அழையுங்கள்.

காட்டில் விழுந்த அந்தத் தாய் பிழைத்தது நம் ஏற்பாட்டால் அன்று. இனி ஒருத்தி அச்சத்தால் விழாதிருக்கச் செய்வது நம் கடமை.